ப்ரோபயாட்டிக் சாப்பிட்டால் முடக்குவாதம் குணமாகுமா? ஆய்வு எண்கள் சொல்வது என்ன?

சுருக்கமாக

- குடலில் வாழும் பாக்டீரியாக்களுக்கும் முடக்குவாதத்துக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு வலுவான ஆதாரம் இருக்கிறது.
- 'நல்ல' பாக்டீரியாவை விழுங்கினால் நோய் அடங்கும் என்பதற்கான ஆதாரம் இன்னும் பலவீனமாகவே இருக்கிறது.
- லக்னோவில் குழந்தைகளிடம் நடந்த இந்திய ஆய்வில் ப்ரோபயாட்டிக்கால் கூடுதல் பலன் தெரியவில்லை.
- தயிர் சாப்பிடலாம். அதை நம்பி மருந்தை நிறுத்துவதுதான் ஆபத்து.

காலையில் எழுந்ததும் அம்மாவின் விரல்கள் மடங்க மறுக்கின்றன. மாவுப் பாத்திரத்தைத் தூக்க முடியவில்லை. குழாயைத் திருக முடியவில்லை. ஒரு மணி நேரம் ஆன பிறகுதான் கை கொஞ்சம் வழிக்கு வருகிறது. "வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று மாதங்கள் ஓடுகின்றன. கடைசியில் ரத்தப் பரிசோதனை எடுத்தால், 'ருமட்டாய்ட் ஆர்த்ரைட்டிஸ்' என்கிறார் டாக்டர். தமிழில் முடக்குவாதம், சுருக்கமாக ஆர்.ஏ.

மருந்துச் சீட்டில் மெத்தோட்ரெக்ஸேட் என்று எழுதியிருக்கிறது. கூகுளில் தேடினால் 'புற்றுநோய்க்கும் தரப்படும் மருந்து' என்று வருகிறது. வீடே கலங்கிப்போகிறது. அன்று இரவே ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபார்வர்டு வருகிறது: "எல்லா நோயும் குடலில்தான் தொடங்குது. குடல் பாக்டீரியாவைச் சரி பண்ணினா மூட்டுவலி தானா போயிடும். கெமிக்கல் மாத்திரை வேண்டாம்."

தாராவியிலோ மாட்டுங்காவிலோ செம்பூரிலோ உங்கள் குடும்பம் இருந்தால், இந்தக் காட்சியின் ஏதாவது ஒரு பகுதி உங்களுக்குப் பழக்கமானதாக இருக்கலாம். அந்த ஃபார்வர்டில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிதான் கையைக் கெடுக்கும். எது எந்தப் பாதி என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், முடக்குவாதம் என்றால் என்ன?

வயதானால் மூட்டு தேய்ந்து வரும் வலி வேறு, இது வேறு. கிருமிகளை எதிர்க்க வேண்டிய நம் நோய் எதிர்ப்பு மண்டலம், ஆள் தெரியாமல் நம் மூட்டுகளின் உள்சவ்வையே தாக்குவதுதான் முடக்குவாதம். இப்படிப்பட்ட நோய்களைத்தான் ஆட்டோ இம்யூன் நோய்கள் என்கிறோம்.

இரண்டு கைகளிலும் ஒரே நேரத்தில் சின்ன மூட்டுகள் வீங்குவது இதன் அடையாளம். விரல் நுனிக்கு அடுத்த மூட்டைவிட நடு மூட்டுகளும், விரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டுகளும், மணிக்கட்டும்தான் அதிகம் பாதிக்கப்படும். ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகமாக வருகிறது. 30 முதல் 50 வயதுக்குள் தொடங்குவது சகஜம் என்பதால், 'வயசாச்சு' என்ற விளக்கம் இங்கே பொருந்தாது.

டெல்லி அருகே பல்லப்கரில் நடந்து 1993-ல் வெளியான ஆய்வு ஒன்று, இந்தியப் பெரியவர்களில் சுமார் 0.75 சதவீதத்தினருக்கு இந்த நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. கேட்க சின்ன எண்தான். ஆனால் ஆயிரம் பெரியவர்கள் வசிக்கும் ஒரு குடியிருப்பில் ஏழெட்டுப் பேர் என்று அர்த்தம்.

தாராவியில் விடியற்காலையில் இட்லி அவித்துக் கூடையில் ஏற்றி நகரம் முழுக்க அனுப்பும் தமிழ்க் குடும்பங்களை நினைத்துப் பாருங்கள். அங்கே கைதான் முதலீடு. மூட்டு ஒருமுறை அரிக்கப்பட்டுக் கோணிப்போனால், பிறகு எந்த மருந்தாலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. அதனால்தான் அறிகுறி தொடங்கிய முதல் சில மாதங்களுக்குள் சிகிச்சையை ஆரம்பித்துவிட வேண்டும் என்று மருத்துவர்கள் அவசரப்படுத்துகிறார்கள்.

மூட்டு நோய்க்கும் குடலுக்கும் என்ன சம்பந்தம்?

நம் நோய் எதிர்ப்பு அணுக்களில் பெரும்பகுதி குடலைச் சுற்றித்தான் முகாமிட்டிருக்கின்றன. எந்த பாக்டீரியா நண்பன், எது எதிரி என்று அவை பயிற்சி பெறும் இடம் அது. அந்தப் பயிற்சி கோளாறானால் விளைவு மூட்டு வரை போகலாம் என்பதுதான் கோட்பாடு. இதற்கு ஆதரவாக உள்ள சில முக்கியமான ஆய்வுகள் இவை:

2010-ல் அமெரிக்காவில், மூட்டுவாதம் வரும்படி மரபணு மாற்றப்பட்ட எலிகளை எந்தக் கிருமியும் இல்லாத சூழலில் வளர்த்தார்கள். நோய் பெருமளவு தணிந்திருந்தது. ஒரே ஒரு வகை குடல் பாக்டீரியாவைச் செலுத்தியதும் மூட்டுகள் வேகமாக வீங்கின.

2013-ல் நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மனிதர்களின் மல மாதிரிகளைச் சோதித்தார்கள். ப்ரிவோடெல்லா கோப்ரி என்ற பாக்டீரியா, நோய் புதிதாகக் கண்டறியப்பட்டு இன்னும் மருந்து தொடங்காதவர்களில் 75 சதவீதத்தினரிடம் இருந்தது. ஆரோக்கியமானவர்களில் இது 21 சதவீதம்தான்.

2020-ல் ஐரோப்பிய ஆய்வாளர்கள், மூட்டு வீங்குவதற்கு முன்பே குடல் சுவரின் 'சீல்' தளர்ந்துவிடுவதை எலிகளில் காட்டினார்கள். அந்தக் கசிவைத் தடுத்தபோது மூட்டுவாதம் வருவது தள்ளிப்போனது, தீவிரமும் குறைந்தது.

ஆக, 'குடலுக்கும் மூட்டுக்கும் தொடர்பு உண்டு' என்று ஃபார்வர்டு சொன்னது பொய்யில்லை. ஆனா, தொடர்பு இருக்கு என்பது வேறு, அதைச் சரிசெய்யும் மருந்து கையில் இருக்கு என்பது வேறு.

ஒரே பேரினம், இரண்டு முகம்

இந்தக் கதையில் இந்தியப் பெயர் ஒன்றும் வருகிறது. அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் வீணா தனேஜா உள்ளிட்ட ஆய்வாளர்கள், மனிதக் குடலிலிருந்து எடுத்த ப்ரிவோடெல்லா ஹிஸ்டிகோலா என்ற பாக்டீரியாவை மூட்டுவாதம் வரக்கூடிய எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். நோய் வருவது குறைந்தது. வந்த எலிகளிலும் தீவிரம் தணிந்தது. 2016-ல் இந்த முடிவு வெளியானது.

கவனித்தீர்களா? நியூயார்க் ஆய்வில் சந்தேக வளையத்தில் சிக்கியதும் ப்ரிவோடெல்லாதான், இங்கே காப்பாற்றியதும் ப்ரிவோடெல்லாதான். பேரினம் ஒன்று, இனம் வேறு. ஒரே குடும்பப் பெயர் கொண்ட இரண்டு பேரில் ஒருவர் திருடர், ஒருவர் போலீஸ் என்பதைப் போல. 'நல்ல பாக்டீரியா' என்று மொத்தமாகச் சொல்வது ஏன் அர்த்தமில்லாதது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

இந்தியாவுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. போபாலையும் கேரளாவையும் சேர்ந்த 110 ஆரோக்கியமான நபர்களின் குடல் பாக்டீரியாக்களை ஆராய்ந்த ஆய்வு 2019-ல் வெளியானது. தானியமும் காய்கறியும் அதிகம் சாப்பிடும் போபால் பகுதியினரின் குடலில் ப்ரிவோடெல்லா தான் ஆதிக்கம் செலுத்தியது. அவர்கள் நோயாளிகள் இல்லை. அதாவது, நியூயார்க்கில் நோயின் அடையாளமாகத் தெரிந்தது, இங்கே சாதாரண சாப்பாட்டின் அடையாளமாக இருக்கலாம். வெளிநாட்டு ஆய்வு முடிவை அப்படியே தூக்கி நம் வயிற்றில் வைக்க முடியாது.

எலியில் வென்ற மேயோ பாக்டீரியா பிறகு என்ன ஆனது? எவெலோ பயோசயின்சஸ் என்ற அமெரிக்க நிறுவனம் ப்ரிவோடெல்லா ஹிஸ்டிகோலாவை மாத்திரையாக்கி, தோல் சார்ந்த அழற்சி நோய்களில் மனிதர்களிடம் சோதித்தது. அட்டோபிக் டெர்மடைட்டிஸ் எனும் தோல் நோய்க்கான இரண்டாம் கட்ட சோதனை 2023-ல் இலக்கை எட்டவில்லை. அதே ஆண்டில் நிறுவனமே மூடப்படும் நிலைக்கு வந்தது. எலியிலிருந்து மனிதனுக்கு வரும் பாதை அவ்வளவு நீளம்.

சரி, மனிதர்களிடம் நடந்த ஆய்வுகள் என்ன சொல்கின்றன?

மூட்டுவாத நோயாளிகளில் ஒரு குழுவுக்கு ப்ரோபயாட்டிக், இன்னொரு குழுவுக்கு பார்க்க அதே மாதிரி இருக்கும் போலி மாத்திரை என்று பிரித்து நடத்திய ஆய்வுகளில் அதிகம் பேசப்படும் ஆறு:

- 2003, பின்லாந்து: 21 பேர், 12 மாதங்கள். இரு குழுக்களுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை.
- 2010, அமெரிக்கா: 45 பேர், 60 நாட்கள். நோயாளிகள் சொன்ன வலி அளவில் கொஞ்சம் முன்னேற்றம்.
- 2011, கனடா: 29 பேர், 3 மாதங்கள். எதிர்பார்த்த பலன் இல்லை.
- 2014, ஈரான்: 46 பெண்கள், 8 வாரங்கள், லாக்டோபேசில்லஸ் கேசி. நோயின் தீவிரம் குறைந்தது.
- 2016, ஈரான்: 60 பேர், 8 வாரங்கள், மூன்று பாக்டீரியாக்களின் கலவை. நோயின் தீவிரம் குறைந்தது.
- 2016, லக்னோ: 46 குழந்தைகள், 12 வாரங்கள். கூடுதல் பலன் இல்லை.

ஆறையும் கூட்டினால் 247 பேர். பீக் ஹவர் லோக்கலில் ஒரே பெட்டிக்குள் இவ்வளவு பேரும் அடங்கிவிடுவார்கள். ஒவ்வொரு ஆய்விலும் பாக்டீரியா வேறு, அளவு வேறு, காலம் வேறு. மூன்றில் ஏதோ ஒரு முன்னேற்றம், மூன்றில் இல்லை. 'நிரூபிக்கப்பட்டது' என்று சொல்வதற்கு இந்த எண்கள் போதாது.

லக்னோ ஆய்வு ஏன் முக்கியம்?

மேலே உள்ள பட்டியலில் நம் நாட்டில் நடந்தது இது ஒன்றுதான். சஞ்சய் காந்தி முதுநிலை மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் அமிதா அகர்வால் குழுவினர் நடத்தியது. தசைநாண்கள் எலும்போடு சேரும் இடங்களில் வீக்கம் வரும் ஒரு வகை சிறார் மூட்டுவாதத்தை எடுத்துக்கொண்டார்கள். பெரியவர்களின் ஆர்.ஏ.வும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் இந்த வகை மூட்டுவாதத்துக்கும் குடலுக்கும் நெருக்கமான தொடர்பு உண்டு என்பதால், ப்ரோபயாட்டிக் எங்காவது வேலை செய்யும் என்றால் இங்கே செய்ய வேண்டும் என்பது நியாயமான எதிர்பார்ப்பு.

எல்லாக் குழந்தைகளுக்கும் வழக்கமான வீக்கம் குறைக்கும் வலிநிவாரணி தரப்பட்டது. அதோடு ஒரு குழுவுக்கு எட்டு வகை பாக்டீரியாக்கள் கலந்த ப்ரோபயாட்டிக்கும், இன்னொரு குழுவுக்குப் போலி மருந்தும். 12 வாரங்களுக்குப் பிறகு உடல்நிலையையும் ரத்தத்தில் நோய் எதிர்ப்பு அளவுகளையும் ஒப்பிட்டார்கள். பிள்ளைகள் ப்ரோபயாட்டிக்கைச் சிரமமின்றி ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் வலிநிவாரணி மட்டும் தந்ததைவிட அதிக பலன் எதுவும் தெரியவில்லை. 'பக்கவிளைவு இல்லை' என்பதும் 'பலன் இருக்கு' என்பதும் ஒன்றில்லை என்பதை இந்த ஆய்வு தெளிவாகக் காட்டியது.

'குறிப்பிடத்தக்க முன்னேற்றம்' என்றால் எவ்வளவு முன்னேற்றம்?

இதுதான் விளம்பரங்கள் சொல்லாமல் விடும் இடம். முடக்குவாதத்தின் தீவிரத்தை டாஸ்-28 என்ற மதிப்பெண்ணால் அளப்பார்கள். 28 மூட்டுகளில் வலியும் வீக்கமும், ஒரு ரத்தப் பரிசோதனை, நோயாளியின் சொந்த மதிப்பீடு எல்லாம் சேர்ந்தது அது. 5.1-க்கு மேல் போனால் நோய் கடுமை. 2.6-க்குக் கீழே வந்தால் நோய் அடங்கிய நிலை. சிகிச்சையால் மதிப்பெண் 1.2-க்கு மேல் குறைந்தால் நல்ல மாற்றம். 0.6 அல்லது அதற்கும் குறைவான மாற்றத்தை மருத்துவர்கள் பலனாகவே கணக்கில் எடுப்பதில்லை.

இப்போது 60 பேரிடம் நடந்த 2016 ஈரான் ஆய்வைப் பார்ப்போம். ப்ரோபயாட்டிக் எடுத்தவர்களுக்கு மதிப்பெண் சராசரியாக 0.3 குறைந்தது. போலி மாத்திரை எடுத்தவர்களுக்கு 0.1 குறைந்தது. வித்தியாசம் 0.2. புள்ளியியல் கணக்குப்படி இது தற்செயல் அல்ல, அதனால் 'குறிப்பிடத்தக்கது' என்று எழுதலாம். ஆனால் காலையில் குழாயைத் திருகும் கைக்கு இந்த 0.2 தெரியவே தெரியாது.

அடுத்த முறை 'மருத்துவ ரீதியாக நிரூபிக்கப்பட்டது' என்ற வரியைப் பார்த்தால் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: எத்தனை பேரிடம்? எவ்வளவு நாள்? எவ்வளவு மாற்றம்?

அப்போ நம்ம தயிர், இட்லி, பழைய சோறு?

ப்ரோபயாட்டிக் என்ற சிந்தனையின் வேரில் தயிர்தான் இருக்கிறது. நோய் எதிர்ப்பு அணுக்களின் வேலையைக் கண்டுபிடித்ததற்காக 1908-ல் நோபல் பரிசு பெற்ற இலியா மெட்ச்னிகாஃப், பல்கேரியர்களின் நீண்ட ஆயுளுக்கும் அவர்கள் குடிக்கும் புளித்த பாலுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று எழுதினார். அவரிடம் பயின்ற வால்டெமார் ஹாஃப்கின்தான் 1897-ல் இதே மும்பையில் பிளேக் தடுப்பூசியை உருவாக்கித் தன் உடலிலேயே போட்டுப் பார்த்தவர். பரேலில் கே.இ.எம். மருத்துவமனை இருக்கும் அதே ஆச்சார்ய தோந்தே மார்க்கில் இன்றும் அவர் பெயரில் நிறுவனம் இருக்கிறது.

நம் சமையலறைக்கு வருவோம்.

இட்லி, தோசை: மாவைப் பொங்க வைப்பதில் லூக்கோனோஸ்டாக் என்ற பாக்டீரியாவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் ஆவியில் வேகும்போது பாக்டீரியாக்கள் செத்துவிடும். மாட்டுங்காவில் வரிசையில் நின்று சாப்பிடும் இட்லி எளிதில் செரிக்கும், சத்தும் உண்டு. உயிருள்ள பாக்டீரியா மட்டும் அதில் இருக்காது.

தயிர், மோர்: உயிருள்ள பாக்டீரியா இருக்கும். ஆனால் வீட்டுக்கு வீடு உறைமோர் வேறு என்பதால் எந்த வகை, எவ்வளவு என்று சொல்ல முடியாது. மோர்க்குழம்பாகக் கொதிக்கவிட்டால் அதுவும் போச்சு.

பழைய சோறு: இரவெல்லாம் தண்ணீரில் ஊறிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகும். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரி, குடல் நோய்களுக்கு இது உதவுமா என்று ஆராயத் தொடங்கியது. அது குடல் நோய் பற்றியது, மூட்டு நோய் பற்றியது அல்ல.

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் 2001-ல் வகுத்த வரையறைப்படி, போதுமான அளவில் உயிரோடு உள்ளே போய், உடலுக்கு நன்மை செய்யும் நுண்ணுயிரிதான் ப்ரோபயாட்டிக். புளித்தது எல்லாம் அந்தப் பட்டியலில் வராது. அதற்காக தயிர்சாதத்தை விட்டுவிட வேண்டாம். சாப்பாடாகச் சாப்பிடுங்கள், மருந்தாக நினைக்காதீர்கள்.

டாக்டர்களுக்கான வழிகாட்டுதல் என்ன சொல்கிறது?

அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ருமட்டாலஜி 2022-ல் உருவாக்கிய வழிகாட்டுதல், காய்கறி, பழம், முழுதானியம், பருப்பு, மீன், நல்ல எண்ணெய் நிறைந்த மத்திய தரைக்கடல் பாணி உணவை நிபந்தனையோடு பரிந்துரைக்கிறது. உணவுத் துணைப்பொருட்களை, அதாவது சப்ளிமென்ட்டுகளை, நோய்க்கான சிகிச்சையாகப் பரிந்துரைக்கவில்லை. உடற்பயிற்சியைத்தான் உறுதியாகப் பரிந்துரைக்கிறது.

மெத்தோட்ரெக்ஸேட் போன்ற மருந்துகள் வலியை மறைப்பவை அல்ல. மூட்டு அரிக்கப்படுவதையே தடுப்பவை. புற்றுநோய்க்குத் தரும் அளவில் ஒரு சின்னப் பங்குதான் இங்கே தரப்படுகிறது. பெரும்பாலானவர்கள் வாரத்துக்கு ஒரு நாள் எடுப்பார்கள். இதைத் தவறுதலாகத் தினமும் எடுத்தால் உயிருக்கே ஆபத்து. அம்மாவின் மாத்திரை டப்பாவில் எந்தக் கிழமை என்று நீங்களே பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள்.

ப்ரோபயாட்டிக் எடுத்தே தீரணும்னா?

டாக்டரிடம் சொல்லிவிட்டு எடுப்பதில் பெரும்பாலானவர்களுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் கவனிக்க வேண்டியவை உண்டு:

1. நோய் எதிர்ப்பை அடக்கும் மருந்துகள், ஸ்டீராய்டு, பயாலஜிக் ஊசி எடுப்பவர்களுக்கு, அரிதாக, இந்த 'நல்ல' பாக்டீரியாவே ரத்தத்தில் கலந்து தொற்றாகலாம். டாக்டரைக் கேட்காமல் தொடங்காதீர்கள்.
2. லேபிளில் பாக்டீரியாவின் முழுப் பெயரோடு அதன் ரகக் குறியீடும் இருக்கிறதா என்று பாருங்கள். 2020-ல் லாக்டோபேசில்லஸ் பேரினம் பல பேரினங்களாகப் பிரிக்கப்பட்டதால், லாக்டிகேசிபேசில்லஸ் போன்ற புதுப் பெயர் இருந்தால் குழம்ப வேண்டாம்.
3. உயிருள்ள பாக்டீரியா எண்ணிக்கை தயாரித்த நாளிலா, காலாவதி நாள் வரையிலா என்று பாருங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கச் சொன்ன பொருளை மும்பை ஏப்ரல் வெயிலில் டெலிவரி பையில் சுற்றவிட்டால் பாதி செத்திருக்கும்.
4. எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது உணவுப் பொருளுக்கான அனுமதிதான். முடக்குவாதத்தைக் குணப்படுத்தும் என்ற சான்றிதழ் அல்ல.
5. பெயர் தெரியாத பொடி, கஷாயம் சாப்பிட்டு இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்திருக்கலாம்.

எப்போது டாக்டரைப் பார்க்க வேண்டும்?

விரல், மணிக்கட்டு மூட்டுகளில் வீக்கம் ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, காலை விறைப்பு அரை மணி நேரத்துக்கு மேல் இருந்தாலோ தள்ளிப்போடாதீர்கள். ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்ட்டி-சி.சி.பி. என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகள் நோயைக் கண்டறிய உதவும். இவை இயல்பாக வந்தாலும் நோய் இருக்கலாம் என்பதால் ரிப்போர்ட்டை மட்டும் பார்த்து நீங்களே முடிவு செய்ய வேண்டாம். தாராவிக்காரர்களுக்கு சயான் மருத்துவமனையும், பரேலில் கே.இ.எம்.மும் எட்டும் தூரத்தில் இருக்கும் மாநகராட்சி மருத்துவமனைகள்.

புகைப்பழக்கம் இந்த நோய்க்கான ஆபத்தைக் கூட்டும். ஈறு நோய்க்கும் இதற்கும் தொடர்பு காணப்பட்டிருக்கிறது. சிகரெட்டை விடுவதும் பல்லைக் கவனிப்பதும் எந்த கேப்ஸ்யூலைவிடவும் மலிவு. குழந்தைக்குத் திட்டமிடும் இளம் தம்பதிகள், மெத்தோட்ரெக்ஸேட்டை முன்கூட்டியே மாற்ற வேண்டியிருக்கும் என்பதால் டாக்டரிடம் பேசிவிடுங்கள்.

குரூப்பில் என்ன பதில் போடுவது?

சண்டை வேண்டாம். "குடலுக்கும் மூட்டுக்கும் சம்பந்தம் இருக்குறது உண்மைதான் பெரியம்மா. ஆராய்ச்சி நடந்துட்டு இருக்கு. ஆனா மருந்துக்குப் பதிலா தயிர்னு எந்த ஆய்வும் சொல்லல. அம்மா மாத்திரையும் சாப்பிடுவாங்க, தயிர்சாதமும் சாப்பிடுவாங்க" என்று போடுங்கள்.

எந்த பாக்டீரியா, யாருடைய குடலில், எந்தக் கட்டத்தில் உதவும் என்று ஒருநாள் தெரியவரலாம். அதுவரை அம்மாவின் கை கோணாமல் இருக்க வேண்டும். அதற்கு உதவும் மருந்து இன்றைக்கே இருக்கிறது.